பயணியை ஏற்றியவரின் கவனக் கடமை மலையகப் பாதைகளில் எதுவரை செல்லும்?

கொட்டகலைமகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சட்டம் படித்தவர்களும் போக்குவரத்துத் துறையில் வேலை செய்தவர்களும் இந்தக் குழுவில் இருப்பதால் இதை இங்கே கேட்கிறேன். கடந்த மாதம் என் அம்மா ஹட்டனிலிருந்து தனியார் பஸ் ஒன்றில் வந்து எங்கள் தோட்டத்துச் சந்தியில் இறங்கினார். அவருடைய ஒரு கால் தரையிலும் மறுகால் படியிலும் இருக்கும்போதே நடத்துனர் "ரைட்" என்று சொல்லிப் பக்கத் தகட்டில் தட்ட, சாரதி பஸ்ஸை எடுத்துவிட்டார். அம்மா பாதையோர வடிகானுக்குள் விழுந்ததில் இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. அவர் கொழுந்து பறிப்பவர். கையில் மாவுக்கட்டுடன் மலைக்கு ஏற முடியாததால் அன்றிலிருந்து அவருக்கு ஒரு பேர்கூட, அதாவது ஒரு நாள் சம்பளம்கூட, விழவில்லை.

பஸ் உரிமையாளரிடம் பேசியபோது, "அவசரப்பட்டு இறங்கியது அவருடைய பிழை" என்று சொல்லிவிட்டார். நடத்துனர் காசை வாங்கினாரே தவிர டிக்கட் கொடுக்கவில்லை. டிக்கட் இல்லாமல், அம்மா அந்தப் பஸ்ஸில் வந்தார் என்பதையே நாங்கள் நிறுவ முடியாது என்கிறார்கள். சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்பதை அறிய விரும்புகிறேன்.

பதுளைச் சட்டத்தரணி எழுதியது:

சகோதரி, டிக்கட் விடயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நம் பகுதியில் பலர் அந்த ஒரே எண்ணத்தில்தான் நட்டஈட்டைக் கைவிட்டுவிடுகிறார்கள். டிக்கட் என்பது பயண ஒப்பந்தத்திற்கான ஒரு சான்று மட்டுமே. பயணியின் உடலுக்கும் உயிருக்கும் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ளும் கடமை அந்தத் துண்டுக் காகிதத்தில் தங்கியிருக்கவில்லை. இலங்கையின் பொதுச் சட்டமான உரோம டச்சுச் சட்டத்தின்படி, தன் செயலால் இன்னொருவருக்குத் தீங்கு நேரக்கூடும் என்று முன்கூட்டியே அறியக்கூடிய நிலையில் இருந்தும், விவேகமுள்ள ஒருவர் அந்த இடத்தில் எடுத்திருக்கக்கூடிய முற்காப்பை எடுக்காமல் விட்டவர் கவனயீனத்திற்குப் பொறுப்புச் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் 1867ஆம் ஆண்டிலேயே, மூன்று வயதைச் சற்றே தாண்டிய குழந்தைக்குத் தாய் டிக்கட் எடுக்காமல் ரயிலில் கூட்டிச் சென்றபோது நேர்ந்த விபத்தில், அந்தக் குழந்தையின் காயத்திற்கு ரயில் நிறுவனமே பொறுப்பு என்று ஒஸ்ரின் எதிர் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே என்ற வழக்கில் தீர்ப்பளிக்கப்பட்டது. அது நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்ல. ஆனாலும் அதன் நியாயத்தை இங்கேயும் எடுத்து வாதாடலாம். உங்கள் அம்மாவிடம் நடத்துனர் காசு வாங்கியிருக்கிறார் என்பதால் உங்கள் நிலை அதைவிடப் பலமானது.

ஏறுவதும் இறங்குவதும் பயணத்தின் பகுதிகளே. இறங்குபவர் இரண்டு கால்களையும் தரையில் ஊன்றிப் பஸ்ஸைவிட்டு விலகிவிட்டாரா என்று பார்த்த பின்னரே சமிக்ஞை கொடுப்பது நடத்துனரின் வேலை. அதைச் செய்யாமல் "ரைட்" சொன்னதுதான் இங்கே கவனயீனம். வேலை நேரத்தில் வேலையின் பகுதியாக ஊழியர் செய்த பிழைக்கு வேலைக்கமர்த்தியவர் பொறுப்பாவதால், உரிமையாளர் "நான் அந்த இடத்திலேயே இல்லை" என்று சொல்லித் தப்ப முடியாது.

தோட்டத்துப் பையன் எழுதியது:

சட்டத்தரணி ஐயா சொல்வது புத்தகத்தில் சரியாகத்தான் இருக்கும். ஆனால் நீதிமன்றத்திற்குப் போகும் ஒவ்வொரு தவணைக்கும் அந்த அம்மாவுடன் துணைக்குப் போகிறவருக்கும் ஒரு நாள் சம்பளம் போகும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இன்னொரு கேள்வியும் உண்டு. 2025 மே 11ஆம் திகதி கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற பஸ் கொத்மலை கெரண்டி எல்லப் பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 2021 மார்ச்சில் பசறை 13ஆம் மைல்கல் அருகே நடந்த விபத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். ஒவ்வொரு விபத்துக்கும் பிறகு "பிரேக் பிடிக்கவில்லை", "பாதை மோசம்", "பனிமூட்டம்" என்ற மூன்றில் ஒன்று காரணமாகச் சொல்லப்படுகிறது. நான் குறிப்பிட்ட இரண்டு விபத்துகளின் காரணத்தைப் பற்றி இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. பொதுவாகக் கேட்கிறேன்: இயந்திரம் கைவிட்டுவிட்டது என்று சொன்னால் கடமை அத்துடன் முடிந்துவிடுமா?

பழைய டிப்போக்காரன் எழுதியது:

தம்பியின் கேள்விக்குச் சட்டத்தை மற்றவர்கள் சொல்லட்டும். வேலைத்தளத்தில் கண்டதை நான் சொல்கிறேன். நான் பல வருடங்கள் டிப்போவில் பிரேக் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மலைப் பாதையில் பிரேக் திடீரென்று "போய்விடுவது" மிக அரிது. நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கீழே இறங்கும் பாதையில் சாரதி மூன்றாம், நான்காம் கியரில் விட்டுக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் கால் பிரேக்கை மட்டுமே மிதித்து வந்தால், சக்கரத்தை உரசி நிறுத்தும் பிரேக் லைனிங் சூடேறிப் பிடிமானம் குறைந்துகொண்டே வரும். எரிந்த நாற்றம் பஸ்ஸுக்குள் வரும். மிதிக்கும்போது கால் வழக்கத்தைவிடக் கீழே இறங்கும். அந்த நேரத்தில் ஓரமாக நிறுத்தி ஆறவிட்டு, இரண்டாம் கியரில் இறங்கினால் ஒன்றும் ஆகாது. ஏறும்போது எந்தக் கியர் தேவைப்படுகிறதோ அதே கியரில்தான் இறங்க வேண்டும் என்று பழைய சாரதிகள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

எயார் பிரேக் உள்ள பஸ்ஸில் காற்றழுத்தம் குறைந்தால் சாரதிக்கு முன்னாலுள்ள மானியில் தெரியும். காற்றுத் தாங்கியில் சேரும் தண்ணீரை நாள்தோறும் திறந்துவிட வேண்டும். பனியும் மழையும் உள்ள நம் பகுதியில் அந்தத் தண்ணீர் இன்னும் அதிகமாகச் சேரும். இவற்றையெல்லாம் செய்ததற்கு வேலை அட்டை இருக்க வேண்டும். சாரதி முதல்நாள் மாலை எழுதிவைத்த குறை அடுத்த நாள் காலைக்குள் திருத்தப்பட்டதா என்பது அந்த அட்டையில்தான் தெரியும். ஆகவே விபத்துக்குப் பிறகு என்னைக் கேட்டால், உடைந்த பாகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த அட்டைகளைத்தான் கொண்டுவரச் சொல்வேன்.

பதுளைச் சட்டத்தரணி எழுதியது:

ஐயா சொன்னதையே 1950இல், அப்போது இங்கிலாந்தின் அதியுயர் நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையும் சொல்லியிருக்கிறது. பார்க்வே எதிர் சவுத் வேல்ஸ் டிரான்ஸ்போர்ட் வழக்கில், டயர் வெடித்த பஸ் ஒன்று பாதையை விட்டு விலகிப் பாதையோரக் கரைச் சரிவில் கீழே வீழ்ந்து பயணிகள் இறந்தார்கள். டயர் வெளியே தெரியாத குறையால் வெடித்தது என்பது நிறுவனத்தின் வாதம். டயருக்குப் பலமான அடிபட்டால் அதைச் சாரதிகள் அறிவிக்க வேண்டும் என்ற ஒழுங்கு அந்த நிறுவனத்தில் இருக்கவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, நீதிமன்றம் அதைப் பொறுப்பாக்கியது.

சட்டத்தின் மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பயணிகளை ஏற்றிச் செல்பவர் அவர்கள் பத்திரமாகப் போய்ச் சேருவார்கள் என்று உத்தரவாதம் அளிப்பவர் அல்லர். 1869ஆம் ஆண்டு ரீட்ஹெட் வழக்கில், எவ்வளவு கவனத்துடன் பரிசோதித்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாத குறையால் ரயில் சக்கரத்தின் வளையம் உடைந்தபோது ரயில் நிறுவனம் பொறுப்பாகவில்லை. அந்தத் தீர்ப்பை வைத்துத்தான் பல பிரதிவாதிகள் தப்பப் பார்ப்பார்கள். ஆனால் "கண்டுபிடித்திருக்க முடியாது" என்ற வாதம் நிலைக்க வேண்டுமானால், என்ன பரிசோதனை செய்தோம், எப்போது செய்தோம், யார் செய்தார் என்பதை அவர்கள் முன்வைக்க வேண்டும். சாதாரணமாக, கவனத்துடன் ஓட்டப்படும் பஸ் பாதையை விட்டுப் பள்ளத்தில் விழுவதில்லை. விழுந்தால் அந்த நிகழ்வே கவனயீனத்தை ஊகிக்க இடமளிக்கிறது. அதற்கு விளக்கம் தர வேண்டிய சுமை நடைமுறையில் வாகனத்தை வைத்திருந்தவர் பக்கம் சாய்ந்துவிடும்.

தனியார் பஸ் உரிமையாளன் எழுதியது:

எல்லோரும் உரிமையாளரையே கை காட்டுவதால் என் பக்கத்தையும் சொல்ல அனுமதியுங்கள். நான் ஒற்றைப் பஸ் வைத்திருப்பவன். லீசிங் கட்ட வேண்டும், டயருக்கும் டீசலுக்கும் கொடுக்க வேண்டும். சாரதிக்கும் நடத்துனருக்கும் நாள் வசூலில் பங்கு. மாதச் சம்பளம் கிடையாது. பஸ்களின் நேரத்தைக் குறிக்கும் டைம் கீப்பரிடம் இரண்டு நிமிடம் பிந்தினால் பின்னால் வருகிற பஸ் முந்திக்கொண்டு ஆட்களை ஏற்றிவிடும். சாரதிகள் விரட்டுவதும், ஆள் இறங்கி முடியுமுன் எடுப்பதும் அந்த நெருக்கடியால்தான். பயணிகளும் இடமில்லை என்று தெரிந்தும் ஏறிக்கொண்டு, பிறகு எங்களைக் குறை சொல்கிறார்கள். தீபாவளிக்கு முதல்நாள் இரவு கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு வரும் பஸ்ஸில் ஏற வேண்டாம் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். என் பஸ்ஸில் "பயணிகள் சொந்தப் பொறுப்பில் பயணிக்கவும்" என்று ஒட்டி வைத்திருக்கிறேன். அதற்கு மதிப்பில்லையா?

பதுளைச் சட்டத்தரணி எழுதியது:

உரிமையாளர் அண்ணன் மனந்திறந்து எழுதியதற்கு நன்றி. ஆனால் அவர் எழுதியதை ஒரு வழக்கில் வாக்குமூலமாகக் கொடுத்தால் அது அவருக்கே எதிரான சான்றாகிவிடும். வேகமாக ஓட்டினால்தான் ஊழியர் வருமானம் பெறுவார் என்ற ஏற்பாட்டை அமைத்தவர், அந்த வேகத்தால் வரும் தீங்கை முன்னறியவில்லை என்று சொல்வது கடினம். நாள் வசூல் முறையைத்தான் நம் பாதைகளின் முதல் பாதுகாப்புக் குறையாக நான் கருதுகிறேன். பாதையின் வளைவுகளை அதற்குப் பிறகே சொல்வேன்.

ஒட்டியிருக்கும் வாசகத்தைப் பொறுத்தவரை, கவனயீனத்தால் நேரும் மரணத்திற்கும் உடற்காயத்திற்குமான பொறுப்பை ஓர் அறிவித்தலாலோ ஒப்பந்த வாசகத்தாலோ விலக்க 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இடமளிப்பதில்லை. ஆகவே அதைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு கைபிடி பொருத்தினால் பயன் அதிகம்.

பயணியின் பிழையையும் சட்டம் மறந்துவிடவில்லை. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்திற்குப் பிறகு, பாதிக்கப்பட்டவரின் சொந்தக் கவனயீனம் அவருடைய கோரிக்கையை முற்றாக அழிப்பதில்லை; அவருடைய பங்குக்கு ஏற்ப நட்டஈட்டை நீதிமன்றம் குறைக்கும். அம்மா உண்மையிலேயே பஸ் நிற்குமுன் இறங்க முற்பட்டிருந்தால் தொகை குறையலாம். நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பஸ் எடுக்கப்பட்டிருந்தால் குறைக்க எந்த நியாயமும் இல்லை. ஆகவே பஸ் நின்றதா இல்லையா என்பதைக் கண்ட ஒரு சாட்சி உங்களுக்கு முக்கியம்.

நானுஓயாப் பயணி எழுதியது:

ரயிலைப் பற்றி யாரும் பேசவில்லை. உடரட்ட மெனிக்கேயிலும் பொடி மெனிக்கேயிலும் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் நிற்க இடமில்லாமல் மிதிபலகையில் தொங்கிவரும் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எல்லப் பக்கம் படம் எடுப்பதற்காகக் கதவுக்கு வெளியே உடலை வளைக்கும் உல்லாசப் பயணிகளும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பினரும் விழுந்தால் சட்டம் ஒரே மாதிரித்தான் பார்க்குமா? ரயில் திணைக்களம் அரசாங்கம் என்பதால் வழக்கே போட முடியாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது.

பதுளைச் சட்டத்தரணி எழுதியது:

அந்த நம்பிக்கை 1969க்கு முன் சரியாக இருந்தது. அந்த ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம், அரசின் ஊழியர்கள் செய்யும் தீங்குகளுக்கு ஒரு தனியாளைப் போலவே அரசும் பொறுப்பாகும் என்று ஆக்கிவிட்டது. ரயில் திணைக்களத்திற்கு எதிரான வழக்கில் பிரதிவாதி, அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபர். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 461ஆம் பிரிவின்படி வழக்குத் தொடுப்பதற்கு ஒரு மாதம் முன்னதாக எழுத்து மூலம் அறிவித்தல் கொடுக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் நல்ல வழக்கும் வாசலிலேயே நின்றுவிடும். இலங்கைப் போக்குவரத்துச் சபை 2005ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட கூட்டிணைக்கப்பட்ட சபை என்பதால் அதன் சொந்தப் பெயரிலேயே வழக்காடலாம்.

மிதிபலகை விடயத்தில் தென்னாபிரிக்காவைப் பார்ப்பது பொருத்தம். அங்கேயும் உரோம டச்சுச் சட்டமே அடித்தளம். 2015இல் மஷோங்வா வழக்கில், கதவு திறந்த நிலையில் ஓடிய ரயிலிலிருந்து கொள்ளையர்களால் தூக்கி வீசப்பட்டுக் காலை இழந்த பயணி ஒருவருக்கு, அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் ரயில் சேவை நிறுவனத்தைப் பொறுப்பாக்கியது. தாக்கியவர்கள் வேறு யாரோ. ஆனாலும் ஓடும்போது கதவை மூடிவைப்பது நிறுவனத்தின் கையில் இருந்தது என்பதே காரணம். நம் மலைப் பாதை ரயில்களின் கதவுகள் கையால் திறந்து மூடப்படுபவை; அவை திறந்தபடியே ஓடுவது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். தெரிந்த ஓர் ஆபத்தை ஆண்டுக் கணக்கில் சகித்துக்கொண்டிருப்பவர் "எதிர்பார்க்கவில்லை" என்று சொல்ல முடியாது என்றே நான் வாதாடுவேன். நீங்கள் கேட்ட வேறுபாடு நட்டஈட்டுத் தொகையில்தான் தெரியும். உள்ளே கால் வைக்க இடமில்லாததால் தொங்கியவருக்கும், உள்ளே இருக்கை வைத்துக்கொண்டு படத்துக்காக வெளியே வளைந்தவருக்கும் பொறுப்புப் பங்கீடு ஒன்றாக இருக்க முடியாது. பின்னவருடைய பங்கு மிகப் பெரியது.

மகளிர் அணி, பொகவந்தலாவை எழுதியது:

தொழிற்சங்கத்தில் இருப்பதால் இதை எழுதுகிறேன். பெண்கள் பஸ்ஸில் போவதைவிட அதிகமாக லொறியிலும் டிரக்டரிலும் ஏற்றப்படுகிறார்கள். தூரத்து மலைக்கு வேலைக்குக் கொண்டுபோவது ஒரு வகை. திருவிழாவுக்கும் சாவீட்டுக்கும் தோட்டத்து லொறியைக் கேட்டு வாங்கிப் போவது இன்னொரு வகை. கவிழ்ந்தால் இரண்டுக்கும் காப்புறுதி உண்டா?

பதுளைச் சட்டத்தரணி எழுதியது:

இரண்டும் வேறு. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் கட்டாயமாக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி, வாடகைக்கோ கட்டணத்துக்கோ ஏற்றப்படும் பயணியையும், வேலை ஒப்பந்தத்தின் பேரில் ஏற்றப்படுபவரையும் உள்ளடக்குகிறது. சும்மா உதவிக்கு ஏற்றப்பட்டவர் லொறியில் காயமடைந்தால் அந்தக் கட்டாயக் காப்புறுதிக்குள் அவர் வராமல் போகலாம். உரிமையாளரிடமும் சாரதியிடமும் நேரடியாகவே கோர வேண்டியிருக்கும். சாவீட்டுக்குப் போகும் லொறியில் இதை யாரும் யோசிப்பதில்லை. வேலைக்கு ஏற்றிச் செல்லப்பட்டவர்களுக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி இன்னொரு வழியும் உண்டு. அங்கே கவனயீனத்தை நிறுவத் தேவையில்லை. வேலையின்போது வேலையால் நேர்ந்த காயம் என்று காட்டினால் போதும்.

கொட்டகலைமகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவின் வைத்தியசாலை நோய் நிர்ணய அட்டையை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். அதில் "விழுந்ததால் ஏற்பட்ட முறிவு" என்று மட்டும் இருக்கிறது. பஸ் என்ற பேச்சே இல்லை. பொலிஸில் முறைப்பாடு செய்திருக்கிறோம். ஆனால் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு அம்மாவிடம் கையெழுத்து வாங்கப்பட்டது. இதற்கிடையில் உரிமையாளர் ஒருவரை அனுப்பி, மருத்துவச் செலவுக்கு ஒரு தொகை தருவதாகவும், "இத்துடன் எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன" என்ற கடிதத்தில் அம்மா கையெழுத்திட வேண்டும் என்றும் கேட்கிறார். வாங்கலாமா?

பதுளைச் சட்டத்தரணி எழுதியது:

அந்த வாசகத்துடன் வாங்க வேண்டாம். முறிந்த மணிக்கட்டு எப்படிக் கூடுகிறது, பழையபடி கொழுந்து பறிக்க முடியுமா என்பது தெரியுமுன் முழுத் தீர்வு என்று எழுதிக்கொடுத்தால், பின்னர் வரும் வருமான இழப்பையும் வேதனைக்கான நட்டஈட்டையும் சேர்த்தே விட்டுக்கொடுத்ததாகிவிடும். உதவியாகத் தருவதானால் "இடைக்கால மருத்துவச் செலவாகப் பெற்றுக்கொண்டேன், ஏனைய உரிமைகள் பாதிக்கப்படமாட்டா" என்று தமிழில் எழுதி வாங்கலாம்.

வைத்தியசாலைக் குறிப்பு உங்களுக்கு உள்ள மிகப் பெரிய பலவீனம். அவசரப் பிரிவில் "எப்படி நடந்தது" என்று கேட்டால் நம்மவர்கள் "விழுந்துட்டேன்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த ஒற்றை வரியைத்தான் முதலில் வாசிப்பார். அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் முழு நிகழ்வையும் சொல்லிப் பதியச் செய்யுங்கள். பொலிஸில் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதியை எடுத்து, சிங்களம் தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசிக்கச் செய்து, பிழையிருந்தால் மேலதிக வாக்குமூலத்தைத் தமிழிலேயே கொடுங்கள். பஸ் இலக்கம், நேரம், அம்மாவுடன் இறங்கியவர்கள், சந்திக் கடையில் இருந்தவர்கள் ஆகிய விபரங்களை இன்றே எழுதி வையுங்கள். சேவை பற்றிய முறைப்பாட்டை, பஸ் மாகாணத்துக்குள் ஓடுவதென்றால் மத்திய மாகாணத்தின் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபைக்கும், மாகாணங்களுக்கிடையே ஓடுவதென்றால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 இலக்கத்திற்கும் கொடுக்கலாம். அனுமதிப்பத்திரம் அவர்கள் கையில் இருப்பதால் உரிமையாளர்கள் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

காயத்திற்கான வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும் என்கிறது 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம். காப்புறுதி நிறுவனத்திடமிருந்து தீர்ப்புப் பணத்தைப் பெற வேண்டுமானால், வழக்குத் தொடுப்பதற்கு முன்போ தொடுத்து ஏழு நாட்களுக்குள்ளோ அதற்கு அறிவித்தல் போயிருக்க வேண்டும். விபத்து நடந்த இடத்திற்குரிய மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்காடலாம். கட்டணம் கொடுக்க வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். தோட்டத்துப் பையன் சொன்ன தவணைச் செலவு உண்மையான சுமைதான், அதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் சான்றுகள் உறுதியாக உள்ள கோரிக்கைகள் பல வேளைகளில் விசாரணைக்குப் போகாமலே காப்புறுதி நிறுவனத்துடன் பேசித் தீர்கின்றன.

தனியார் பஸ் உரிமையாளன் எழுதியது:

தங்கச்சிக்கு ஒரு விடயம் சொல்ல வேண்டும். பஸ்காரர் கடிதத்தோடு ஆள் அனுப்புகிறார் என்றால், அவர் காப்புறுதி நிறுவனத்திற்கு இன்னும் அறிவிக்காமல் இருக்கலாம். எங்கள் காப்புறுதிப் பத்திரங்களில் விபத்தை உடனே அறிவிக்க வேண்டும், நிறுவனத்தைக் கேட்காமல் பொறுப்பை ஏற்கக்கூடாது என்ற நிபந்தனைகள் இருக்கும். பஸ்ஸின் முன் கண்ணாடியில் காப்புறுதி அட்டை ஒட்டியிருக்கும். நிறுவனத்தின் பெயரும் பத்திர இலக்கமும் அதில் உண்டு. அடுத்த முறை அந்தப் பஸ் சந்தியில் நிற்கும்போது அதைப் படம் எடுத்துக்கொண்டு, நீங்களே நேரடியாக அந்த நிறுவனத்திற்குப் பதிவுத் தபாலில் எழுதிவிடுங்கள்.